புனிதர்களைப் படித்தால் மனம் சோர்ந்துபோகிறதே?

கேள்வி: நான் வேலைக்குப் போகும் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். புனிதர்களின் வரலாறுகளை ஆசையாகப் படிப்பேன். இந்தத் தவக்காலத்தில் அவர்களைப் போலவே கடும் உபவாசமும் நள்ளிரவுச் செபமும் தொடங்கினேன். சில நாள்களிலேயே உடல் தளர்ந்து, பிள்ளைகள்மீது எரிந்து விழ ஆரம்பித்தேன். 'அவர்கள் எங்கே, நான் எங்கே' என்று புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டேன். புனிதர்களின் முன்மாதிரி என்னைப் போன்றவர்களுக்கு இல்லையோ?

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் இடறிய அதே இடத்தில் ஒரு பெரிய புனிதரும் இடறியிருக்கிறார். 1521-இல் பாம்பலோனா போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து கிடந்த இஞ்ஞாசியார் (பின்னாளில் இயேசு சபையை நிறுவியவர்), பொழுதுபோகப் புனிதர் வரலாறுகளைப் படித்தார். பிரான்சிஸ் அசிசியார் செய்ததையும் தோமினிக் செய்ததையும் நானும் செய்வேன் என்பதுதான் அவருக்கு முதலில் எழுந்த ஆசை. பிறகு ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் முடியும் நகமும் வெட்டாமல், அளவுமீறிய உபவாசம் இருந்தார். உடல் கெட்டது, மனமும் கடுமையாகக் கலங்கியது. அங்கேயே அந்தப் போக்கை மெல்லத் தளர்த்திக்கொண்டார். 1548-இல் பிரான்சிஸ் போர்ஜியா என்ற ஸ்பானியப் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில், உபவாசத்தைக் குறையுங்கள், உடலும் ஆண்டவர் தந்ததுதான், அதை நலமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். நீங்கள் படித்த புத்தகத்தில் மன்ரேசா இருந்திருக்கும், இந்தக் கடிதம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் நமக்கு ஆசிரியர் ஆகிறார்.

புனிதர்கள் என்ன செய்தார்கள் என்பது அவரவர் அழைத்தலுக்கு உரியது. எதற்காகச் செய்தார்கள், விழுந்தபோது எப்படி எழுந்தார்கள் என்பதைத்தான் நாம் கற்கவேண்டும். பிரான்சிஸ் சலேசியார் 1609-இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாகவே சொல்கிறார்: ஆயர் (பிஷப்) துறவியைப் போலத் தனித்து வாழ முயல்வதும், குடும்பஸ்தர் கப்புச்சின் சபையாரைப் போல ஒன்றும் சேர்க்காமல் இருப்பதும் பொருந்தாத பக்தி. உங்கள் உபவாசத்தின் பாரம் பிள்ளைகள் தலையில் இறங்கியிருக்கிறது. அதனால் அது உங்களுக்கு உரிய ஒறுத்தல் (தன்னை ஒடுக்கும் தவமுயற்சி) அல்ல என்றே நான் கருதுகிறேன்.

உங்களுக்கு ஒரு துணையைச் சொல்கிறேன்: புனித செலி மார்ட்டின். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சில் லேஸ் பின்னும் தொழிலை நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நால்வரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தவர். அவருடைய கடிதங்கள் நிறையவே எஞ்சியிருக்கின்றன. வேலைப் பளு, களைப்பு, அடங்காத மகள் லெயோனியைப் பற்றிய கவலை, எல்லாம் அவற்றில் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கின்றன. 2015-இல் கணவர் லூயியோடு சேர்த்துத் திருச்சபை அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது. அவர்களுடைய கடைசி மகள்தான் துறவியாகிப் புனிதரான குழந்தை இயேசுவின் தெரேசா. செப நேரத்தில் தூங்கிவிடுவதுண்டு என்று தன்வரலாற்றில் எழுதியவர் அவர். தூங்கும் பிள்ளைகளும் பெற்றோருக்குப் பிரியமானவர்கள்தானே என்று அதிலேயே ஆறுதலும் கண்டார். மடத்தில் தனக்கு எரிச்சலூட்டிய ஒரு சகோதரியிடம் சிரித்த முகத்தோடு பழகியதே அவர் செய்த பெரிய ஒறுத்தல்களில் ஒன்று. மாலையில் களைத்து வீடு திரும்பும் தாய்க்கு நள்ளிரவு விழிப்பைவிட அதுவே கடினம், நம்புங்கள்.

எனவே பலரை ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். ஒருவரை எடுத்துக்கொண்டு, முடிந்தால் அவரே எழுதியதைப் படியுங்கள். அவர் எங்கே சோர்ந்தார், யாரிடம் உதவி கேட்டார் என்று பாருங்கள். அவரிடம் பேசுங்கள், உங்களுக்காகப் பரிந்து மன்றாடச் சொல்லுங்கள். புனிதர்கள் நமக்காக மன்றாடுகிறார்கள் என்பது நம் விசுவாசம். அடுத்த தவக்காலத்திற்கு எதை ஒறுக்கலாம் என்பதை ஒப்புரவு அருளடையாளத்தின்போது (பாவசங்கீர்த்தனத்தில்) குருவிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள், தனியாக முடிவெடுக்க வேண்டாம். இன்றிரவு பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சிறு செபம் சொல்லிவிட்டு நேரத்தோடு தூங்குங்கள்.