வெயில் படாத சுவரைப் பாருங்கள்: கேன்யன் பயணப் படங்கள், கேள்வி பதில்

யூட்டா, அரிசோனா பக்கம் காரில் சுற்றக் கிளம்புகிறவர்கள் பாதி, போய் வந்து படங்களைப் பார்த்து நொந்தவர்கள் பாதி என்று கேள்விகள் வந்திருக்கின்றன. நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் இல்லை. பீனிக்ஸில் குடியிருக்கிறேன், மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் வண்டியை வடக்கே விடுவேன். கெடுத்த படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தத் தைரியத்தில்தான் பதில் சொல்கிறேன்.

அண்ணா, கிராண்ட் கேன்யனில் நின்றபோது பேச்சே வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படமும் சாம்பல் பூசியதுபோலத் தட்டையாக இருக்கிறது. புது கேமரா வாங்க வேண்டுமா? (டாலஸ்)

வேண்டாம். எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் மதியச் சாப்பாட்டை ஒட்டி என்று பந்தயம் கட்டுவேன். அந்தப் பள்ளம் 446 கி.மீ. நீளம், அகலமான இடத்தில் 29 கி.மீ., ஆழம் ஒன்றரை கி.மீ.க்கு மேல். உங்களுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவில் அவ்வளவு காற்று நிற்கிறது. உச்சி வெயிலில் அந்தக் காற்றே நீலப் புகை மாதிரி ஒளியைச் சிதறடித்து நிறத்தை வெளுக்க வைத்துவிடும். நிழலும் இருக்காது. நிழல் இல்லாமல் ஆழம் எப்படித் தெரியும்?

சூரியன் சாய்ந்தால் ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் நிழல் விழுந்து பாறை அடுக்குகள் தனித்தனியாகப் பிரியும். இதில் எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. அஸ்தமன நேரத்தைப் போனில் பார்த்துவிட்டு அந்த நிமிடத்துக்குச் சரியாக வந்து நிற்பார்கள். அதற்குள் பள்ளத்தில் இருட்டு நிரம்பிவிடும். ஒரு மணி நேரம், முடிந்தால் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். ஹோப்பி பாயின்ட் போவதென்றால் மார்ச் முதல் நவம்பர் வரை அந்தச் சாலையில் சொந்தக் கார் ஓட்ட முடியாது. இலவசப் பேருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டும், அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

அப்புறம், முழுப் பள்ளத்தையும் ஒரே படத்தில் அடக்கப் பார்க்காதீர்கள். ஜூம் செய்து ஒரே ஒரு சிகரத்தை எடுங்கள். யாகி பாயின்ட்டில் நின்று கிழக்கே பார்த்தால் விஷ்ணு கோயில் சிகரம் தெரியும். மாலை வெயிலில் நிஜமாகவே கோபுரம் மாதிரி இருக்கும்.

விஷ்ணு கோயிலா? அமெரிக்காவிலா? (கோவை)

ஆமாம், பாறைச் சிகரத்தின் பெயர். 1880களில் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் அந்தப் பகுதியை ஆராய்ந்தபோது தொடங்கிவைத்த வழக்கம். சிவன், பிரம்மா, புத்தர், ஜொராஸ்டர் பெயரிலும் சிகரங்கள் உண்டு; சின்னதாக ராமருக்கும் கிருஷ்ணருக்கும்கூட இருக்கிறது. பள்ளத்தின் அடியில் ஆற்றை ஒட்டித் தெரியும் கரும்பாறைக்கும் விஷ்ணு பெயர்தான், வயது சுமார் 170 கோடி ஆண்டு. நம் ஆட்களுக்கு அதைக் கேட்டதும் குஷியாகிவிடும், எனக்கும்தான். ஆனால் காலங்காலமாக அங்கேயே வாழ்ந்த ஹவசுபாய் பழங்குடி மக்களைக் கேட்டு வைத்த பெயர்கள் இல்லை இவை.

ஆன்டெலோப் கேன்யன் படங்களில் பாறை ஆரஞ்சும் ஊதாவுமாக எரிகிறதே, அதெல்லாம் எடிட்டிங்தானே? (சிங்கப்பூர்)

கொஞ்சம் எடிட்டிங், நிறைய இயற்கை. இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இடங்களுக்கும் இதுதான் சூத்திரம்.

ஸ்லாட் கேன்யன் என்பது ஆள் புகும் அகலத்தில் தண்ணீர் அறுத்த பிளவு. மேலே ஒரு கீற்று வானம் மட்டும் தெரியும். வெயில் முதலில் மேல் விளிம்புச் சுவரில் படுகிறது. அந்தப் பாறை இரும்புத் துரு ஏறிய மணற்கல் என்பதால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி சிவப்பேறி எதிர்ச்சுவரில் விழுகிறது. அங்கிருந்து மறுபடி இந்தப் பக்கம். இப்படி இறங்க இறங்க மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு சிவப்பாகிறது. சூரியனே பார்க்காத மூலையில் வானத்தின் நீலம் மட்டும் கசிந்து ஊதாவாகத் தெரியும். ஆகவே வெயில் நேராகப் படும் சுவரை விட்டுவிடுங்கள், அது வெளுத்துத்தான் போகும். அதற்கு எதிர்ச்சுவரைப் பாருங்கள், தணல் மாதிரி இருக்கும். வானக் கீற்றைப் படத்துக்குள் விடாதீர்கள். விட்டால் ஒன்று வானம் வெளுத்துப்போகும், இல்லை சுவர் கறுத்துப்போகும்.

கேமராவில் வொயிட் பேலன்ஸை (நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விட்டால், "என்ன இவ்வளவு சிவப்பு?" என்று அதுவே பயந்து நிறத்தைக் குறைத்துவிடும். வெயில் அல்லது நிழல் என்ற அமைப்பில் வையுங்கள். போன் என்றால் பிரகாசமான இடத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது, அத்தனை தணலையும் ஒரே நொடியில் அணைத்துவிடும்.

அது நவஹோ என்ற பழங்குடி மக்களின் நிலம். அவர்களுடைய வழிகாட்டியோடு மட்டும்தான் உள்ளே போக முடியும். ட்ரைபாட், பெரிய பை எதற்கும் அனுமதி இல்லை. வழிகாட்டி "போனைக் கொடுங்கள்" என்றால் கொடுங்கள். எந்த வளைவில் எந்த நிமிடம் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஆன்டெலோப் மேல், கீழ் என்று இரண்டு; மேல் கேன்யனில் தூண் மாதிரி இறங்கும் ஒளிக்கதிர் வேண்டுமென்றால் கோடையில் நண்பகலை ஒட்டிப் போக வேண்டும். எனக்கு அந்தக் கதிர்மேல் பெரிய ஆசை இல்லை. எல்லாரும் அதையே எடுக்கிறார்கள்.

பெற்றோர் மதுரையிலிருந்து மே மாதம் வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. அதிகம் நடக்காமல் நல்ல இடம், நல்ல படம் கிடைக்குமா? (சான் ஹோசே)

தாராளமாக. கிராண்ட் கேன்யன் தென்கரையில் பார்வை இடங்கள் பலவற்றுக்குப் பேருந்தே போகும். ப்ரைஸ் கேன்யனில் சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் சன்செட் பாயின்ட்டுக்கும் நடுவே விளிம்பை ஒட்டித் தளம் போட்ட பாதை, ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அங்கே உயரம் 8,000 அடி. முழங்காலுக்கு முன் மூச்சு வாங்கும், மெதுவாக அழைத்துப் போங்கள். காலையில் குளிரும், மே மாதம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதீர்கள். சயன் (Zion) பூங்காவில் பேருந்தின் கடைசி நிறுத்தத்திலிருந்து ஆற்றை ஒட்டி ஒன்றரை கி.மீ. தளம் போட்ட பாதை உண்டு. கால் ஒத்துழைக்கும் வரை போய்த் திரும்பலாம். ஆறு லாடம் மாதிரி வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டில் போக ஒரு கி.மீ. சொச்சம், வர அதே தூரம், நிழல் குறைவு. மதியம் வேண்டாம்.

புடவையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அரக்கு, காவி, குங்குமக் கலரில் கட்டினால் அம்மா பாறையோடு பாறையாகக் கரைந்துவிடுவார். மயில் நீலம், கிளிப்பச்சை, வெள்ளை எடுத்துவரச் சொல்லுங்கள். அந்தப் பாறைகள் எவ்வளவு பெரியவை என்பது ஓரத்தில் ஒரு ஆள் சிறிதாக நின்றால்தான் படத்தில் தெரியும். அதனால் அவரை நடுவில் நிறுத்தி இடுப்புக்கு மேல் எடுக்காதீர்கள். அந்தப் படத்தை மீனாட்சியம்மன் கோயில் வாசலிலேயே எடுத்திருக்கலாம்.

ப்ரைஸில் சன்செட் பாயின்ட்டில் அஸ்தமனம் எப்படி இருக்கும்? (சென்னை)

சுமார்தான். பெயரை நம்பி ஏமாறாதீர்கள். ப்ரைஸின் பாறைத் தூண்கள் நிற்கும் அரங்கு கிழக்கே பார்த்தது, மாலையில் சீக்கிரமே நிழலுக்குள் போய்விடும். விடியலில் போங்கள். சூரியன் வந்து ஒரு மணி நேரம் கழித்து நவஹோ லூப் பாதையில் கீழே இறங்கினால், தூண்களுக்கு நடுவே அதே எதிரொளி விளையாடும். விடியல் முடிந்ததும் கூட்டம் காபி குடிக்கப் போயிருக்கும், இன்னும் நல்லது.

மோவாபில் ஒரே நாள்தான். டெலிகேட் ஆர்ச்சா, மேசா ஆர்ச்சா? (டொரோன்டோ)

இரண்டும். மேசா விடியலுக்கு, டெலிகேட் மாலைக்கு. இரண்டுமே பாறை வளைவுகள். மேசா ஆர்ச் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவில் இருக்கிறது, நடை சொற்பம். வளைவின் அடிப்பக்கம் ஏன் செந்தணலாக ஒளிர்கிறது என்றால், எழும் சூரியன் கீழே இருக்கும் செங்குத்துச் சுவரில் பட்டு, அந்த ஒளி மேலே எகிறுகிறது. ஆன்டெலோப்பில் சொன்ன அதே சங்கதி, இங்கே தலைகீழாக. இருட்டோடு போனாலும் பத்து ட்ரைபாட் முன்னாலேயே நிற்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

டெலிகேட் ஆர்ச் இருப்பது ஆர்ச்சஸ் பூங்காவில். போய்வர 5 கி.மீ. அளவு, ஏற்றம், வழுக்குப் பாறை, நிழல் கிடையாது. மூன்று மணிக்கு ஏறாதீர்கள், அஸ்தமனத்துக்கு இரண்டு மணி நேரம் முன் ஏறுங்கள். இறங்கும்போது இருட்டிவிடும், டார்ச் வேண்டும். வளைவின் மேல் ஏறி நிற்கும் ஆசை யாருக்காவது வந்தால், அதே பூங்காவில் வால் ஆர்ச் என்ற பெரிய வளைவு 2008 ஆகஸ்டில் ஓர் இரவில் தானாக இடிந்து விழுந்ததை ஞாபகப்படுத்துங்கள்.

தி வேவ் (அலை மாதிரி வளைந்த பாறை) பெர்மிட்டுக்கு ஆறு முறை லாட்டரி போட்டுவிட்டேன். ஏதாவது குறுக்கு வழி? (ஆஸ்டின்)

இல்லை. ஒரு நாளைக்கு 64 பேருக்குத்தான் அனுமதி, உலகமே போட்டி போடுகிறது. நானும் பலமுறை தோற்றவன். பேஜ், கனாப் என்ற ஊர்களுக்கு நடுவே 89ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி டோட்ஸ்டூல்ஸ் என்று காளான் வடிவப் பாறைகள் இருக்கின்றன. லாட்டரி வேண்டாம், அரை மணி நேர நடை. அலை இல்லைதான், ஆனால் அங்கே எடுத்த படத்தைத்தான் நான் வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

ட்ரோன்? (துபாய்)

தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை. ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஜூலையில்தான் லீவு. வெயிலைத் தாங்கிக்கொள்கிறோம், நாங்கள் சென்னைக்காரர்கள். வேறு என்ன கவனிக்க வேண்டும்? (நியூ ஜெர்சி)

சென்னை வெயில் வேறு, இந்த வெயில் வேறு. இங்கே வேர்வை தெரியாது, உடனே காய்ந்துவிடும். அதனால் தாகம் தெரியுமுன் உடம்பு வற்றிவிடும். நடக்கும் நாளில் ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், கூடவே உப்புப் பண்டம் ஏதாவது. கிராண்ட் கேன்யனில் இன்னொரு வம்பு: இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில். கீழே போகப் போகச் சூடும் ஏறும். ஆறு வரை இறங்கி அன்றே திரும்பலாம் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் ஜூலை என்றால் என் முதல் பயம் வெயில் இல்லை, வெள்ளம். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். உங்கள் தலைக்கு மேல் நீலவானம் இருக்கும், பல மைல் தள்ளி இடி மழை கொட்டும், பாறை நிலம் தண்ணீரைக் குடிக்காது, மொத்தமும் ஓடைகளில் சேர்ந்து பிளவுக்குள் வரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆன்டெலோப்பில் 11 பேர் அப்படித்தான் இறந்தார்கள், அந்த இடத்தில் பெரிய மழையே இல்லை. சயனில் நேரோஸ் என்ற குறுகிய பிளவில் ஆற்றோடு நடக்கப் போகிறவர்கள் காலையில் பூங்கா அலுவலகத்தில் அன்றைய வெள்ள அபாயம் கேட்காமல் ஆற்றில் கால் வைக்கக் கூடாது. தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, குச்சியும் சருகும் மிதந்து வந்தாலோ கேமராவை மூடிவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

வண்டிக்கும் தாகம் உண்டு. 70ஆம் நெடுஞ்சாலையில் கிரீன் ரிவரிலிருந்து சலைனா வரை சுமார் 170 கி.மீ. ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. பாதி டேங்க் இருக்கிறதே என்று அலட்சியமாகப் போய், ஏசியை அணைத்து, முள்ளையே பார்த்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். அன்று ஒரு படம்கூட எடுக்கவில்லை.

நல்ல கோணத்துக்காகப் பாதையை விட்டுக் கொஞ்சம் இறங்கினால் தப்பா? வெறும் மண்தானே. (லண்டன்)

வெறும் மண் இல்லை. கறுப்பாக, மொரமொரவென்று புற்று மாதிரி தெரியும் மேல்தோல் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு செருப்புத் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். பாறைமேல் நடங்கள், ஓடை மணலில் நடங்கள், அதற்கு நடுவில் இருப்பதை விட்டுவிடுங்கள்.

மானுமென்ட் வேலியில் மாலை எத்தனை மணிக்கு இருக்க வேண்டும்? (பெங்களூரு)

யாருடைய கடிகாரத்தில் என்று முதலில் கேளுங்கள். கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். அரிசோனா தள்ளாது. அரிசோனாவுக்குள்ளேயே இருந்தாலும் நவஹோ மக்கள் ஆளும் பகுதியான நவஹோ தேசம் தள்ளும்; மானுமென்ட் வேலி அதில்தான் இருக்கிறது. நவஹோ தேசத்துக்கு நடுவில் இருக்கும் ஹோப்பி பழங்குடி நிலம் தள்ளாது. போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். பேஜ் ஊரில் தங்கி, அந்த ஊர் நேரத்தை நம்பிக் கிளம்பி, மாலை ஜீப் பயணத்துக்கு முழுதாக ஒரு மணி நேரம் பிந்திப் போனேன். ஜீப் போய்விட்டது. சொந்தக் காரில் அந்த 17 மைல் மண்பாதையில் புழுதி பறக்க இறங்கியபோது, ஒரு குன்றின் நிழல் அடுத்த குன்றின் கழுத்து வரை ஏறியிருந்தது. சிவந்திருந்த அந்த மீதித் தலையை மட்டும் ஜூம் செய்து நாலு படம் எடுத்தேன். இப்போது அந்தப் பக்கம் போனால் போனில் நேரத்தைக் கைப்பட பூட்டி வைத்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஐந்து மணிக்கு வாசலில் இருங்கள், நவஹோ நேரப்படி.