ரிசல்ட் கெட்டுவிடும், டிசி வாங்கிக்கொள்ளுங்கள் என்றால்?

பாம்பனிலிருந்து எழுதிய அண்ணனுக்கு,

ஒன்பதாவது படிக்கும் மகளின் மதிப்பெண்களையும், நீங்கள் அனுப்பிய விடைத்தாள்களையும் பார்த்தேன். கணக்கில் 74, அறிவியலில் 38, தமிழில் 35. "காது கேட்காத பிள்ளை, பத்தாவதில் தேறாது, எங்கள் ரிசல்ட்டும் கெட்டுவிடும், வேறு பள்ளி பாருங்கள்" என்று சொல்கிறார்களாம். என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிசி வாங்காதீர்கள். அவளுக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்து, நீங்களும் அவளும் சேர்ந்து முடிவெடுத்தால் அது வேறு விஷயம். அவர்கள் சொன்னதற்காக வாங்க வேண்டாம்.

கணக்கில் 74 எடுக்கும் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா? அறிவியல் தாளை நிதானமாகப் பாருங்கள். படம் வரைந்து பாகம் குறிக்கும் கேள்விகளில் மதிப்பெண் குறையவே இல்லை. 'ஏன்', 'எவ்வாறு' என்று நான்கு வரிக்கு நீளும் கேள்விகளில்தான் இடம் காலியாகக் கிடக்கிறது. கணக்கிலும் அப்படித்தான். சமன்பாடாகக் கொடுத்ததைப் போட்டிருக்கிறாள், கதை மாதிரி வந்த கணக்குகளை விட்டிருக்கிறாள்.

கேட்கும் பிள்ளைக்கு வீட்டிலும் தெருவிலும் தமிழ் தானாகக் காதில் விழுகிறது. பள்ளிக்குள் நுழையும்போதே 'ஐ', 'கு', 'இருந்து' என்ற வேற்றுமை உருபுகள் எல்லாம் அதன் வாயில் இருக்கும். உங்கள் மகள் ஒவ்வொன்றையும் அச்சில் பார்த்துக் கற்க வேண்டியிருக்கிறது. 'வியாபாரி ஐஸ் விற்றார்', 'வியாபாரிக்கு ஐஸ் விற்றார்': இந்த இரண்டில் ஒரு உருபைத் தவறவிட்டால் லாப நட்டக் கணக்கு தலைகீழாகிவிடும். கணக்குத் தெரியாததால் வந்த தவறில்லை இது. ஆனாலும் மதிப்பெண் கணக்கில்தான் குறைகிறது. எல்லோருக்கும் ஒரே தாள் கொடுப்பது சமமாகத் தெரிகிறது. அவளுக்கு மட்டும் எல்லாத் தாளும் தமிழ்த் தாளாகிவிடுவது வெளியே தெரிவதில்லை.

அடுத்து, இந்த ரிசல்ட் விவகாரம். 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் நம் ராமநாதபுரம் மாவட்டம் 96.36 சதவீதத் தேர்ச்சியோடு மாநிலத்தில் மூன்றாவதாக வந்தது. பெருமைதான், எனக்கும் சந்தோஷம். மாநில அளவில் முதல் மூன்று இடம் பிடித்த மாணவர்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017லேயே அரசு நிறுத்திவிட்டது. ஆனால் 'நூறு சதவீதத் தேர்ச்சி' ஃபிளெக்ஸ் நிற்கவில்லை. அறுபது பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் அந்த ஃபிளெக்ஸ் போய்விடும். தலைமையாசிரியருக்கு மேலிருந்து வரும் நெருக்கடி எனக்குத் தெரியும். அதற்கான விலையை உங்கள் மகள் ஏன் கொடுக்க வேண்டும்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு காட்டக்கூடாது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதும் உங்கள் விருப்பம். பள்ளியில் மறுபடி பேச்செடுத்தால், சண்டை போடாமல், "எழுதிக் கொடுங்கள் சார்" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

சிறப்புப் பள்ளியைப் பார்க்க விரும்பினால் பாளையங்கோட்டை ஃபிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளி போன்ற பழைய இடங்கள் இருக்கின்றன. அங்கேயும் தேர்ச்சி சதவீதத்தைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். வாடைக் காற்றை எதிர்த்து வந்த வள்ளத்தையும் காற்றோடு வந்த வள்ளத்தையும் கரை சேர்ந்த நேரத்தை வைத்து நீங்கள் ஒப்பிட மாட்டீர்கள். ஆறு வயதில் எந்த மொழியும் இல்லாமல் வந்து சேரும் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்தும் பள்ளி அது. ஆசிரியர்கள் சைகை மொழியில் சரளமாகப் பேசுகிறார்களா, போன வருடம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் போய், பிள்ளைகள் தங்களுக்குள் வாயாடுகிறார்களா என்றும் பாருங்கள். கை ஓயாத பள்ளி நல்ல பள்ளி.

இனி தேர்வு. செவித்திறன் குறைந்தவர்களுக்குப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு. ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் பெறலாம். எது என்பதில் அவசரம் வேண்டாம். தமிழை விட்டால், பின்னால் மாநில அரசு வேலைக்குப் போகும்போது தமிழறிவுக்குத் தனியாகச் சான்று காட்ட வேண்டி வரலாம். ஆங்கிலத்தை விட்டால் கம்ப்யூட்டர் படிப்பில் தடுமாறுவாள். என்னைக் கேட்டால், தேர்வில் ஆங்கிலத்துக்கு விலக்கு வாங்கிவிட்டு, வீட்டில் அதைப் படிக்க வையுங்கள். விலக்கு தேர்வுக்குத்தானே, படிப்புக்கு இல்லையே. ஆனால் அவளையும் கேளுங்கள். சில பிள்ளைகளுக்குத் தமிழைவிட ஆங்கிலம் எளிதாக வருகிறது.

யாரும் கவனிக்காத ஒன்று: தேர்வு அறையில் எல்லாமே வாயால்தான் நடக்கும். 'பதினாலாவது கேள்வியில் அச்சுப்பிழை, திருத்திக்கொள்ளுங்கள்' என்று அறைக் கண்காணிப்பாளர் சொல்வார், மணி அடிக்கும், இவளுக்கு எதுவும் போய்ச் சேராது. முன் வரிசை இடமும், அறிவிப்புகள் பலகையில் எழுதப்பட வேண்டும் என்பதும் முன்கூட்டியே கடிதத்தில் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் காகிதம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், படகு கரையில் நிற்கும். அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புதிதாக ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுங்கள். இரு காதிலும் 70 டெசிபெலோ அதற்கு மேலோ இழப்பு இருந்தால் சட்டத்தின் கணக்கில் 'காது கேளாதவர்', 60 முதல் 70 வரை 'கேட்கும் திறன் குறைந்தவர்'. அடையாள அட்டை பழையது என்றால் யூடிஐடி என்ற, மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். கல்வித்துறையின் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைப் பார்த்துப் பேசுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் விலக்கு, கூடுதல் நேரம் கேட்கும் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். அங்கிருந்துதான் அது அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போக வேண்டும். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்துவிடுங்கள்.

பத்தாவதுக்குப் பிறகு என்ன என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். கணக்கில் இவ்வளவு கை உள்ள பிள்ளைக்கு பி.காம்., பி.சி.ஏ. இரண்டுமே பொருந்தும். சென்னையில் மாநிலக் கல்லூரியிலும், அடையாறு செயின்ட் லூயிஸ் காது கேளாதோர் கல்லூரியிலும் இந்தப் படிப்புகள் காது கேளாத பிள்ளைகளுக்கென்றே இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் பேச்சு, செவித்திறனுக்கான 'நிஷ்' நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பட்டப்படிப்பு உண்டு. உயர்கல்வியில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடமும், அரசு வேலையில் இவள் பிரிவுக்கென 1 சதவீதமும் சட்டத்திலேயே இருக்கிறது. பிளஸ் ஒன்னில் வணிகவியல் எடுக்க விருப்பமா என்று இந்த வாரமே அவளிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். சென்னை விடுதி விவரத்தை அப்புறம் பேசலாம்.