ஆற்றோடு நடந்து பாருங்கள்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். வயது 54. போன வருடம் சுகர் என்று தெரிந்தது. தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். பள்ளிக்கூட கிரவுண்டில் பத்து சுற்று, நாலு கிலோமீட்டர். செக்குமாடு மாதிரி சுற்றுவது சலித்துவிட்டது. சென்னையில் இருக்கும் மகன் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தான். நாம் நடக்கும் தூரத்தை அது அமெரிக்காவின் ரூட் 66 சாலையில் கணக்கு வைக்கும். கொஞ்ச நாள் உற்சாகமாக இருந்தது, அப்புறம் விட்டுவிட்டேன். 'கிரவுண்டச் சுத்திட்டு அமெரிக்கா போனேன்னு உங்களயே ஏமாத்திக்கிறீங்க' என்கிறாள் என் மனைவி. அவள் சொல்வது சரியா? இந்தக் கற்பனைப் பயணத்தில் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நாலு கிலோமீட்டர் நடந்தது நிஜம், வேர்த்தது நிஜம். அந்தத் தூரத்தை எந்த வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது என்பது மட்டும்தான் நம் விருப்பம். உங்கள் சிக்கல் வேறு. ரூட் 66 சிகாகோவில் தொடங்கி சான்டா மோனிகாவில் முடிகிறது. கிட்டத்தட்ட 3,900 கிலோமீட்டர். உங்கள் கணக்கில் இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். வழியில் வரும் எந்த ஊரிலும் உங்களுக்கு ஒரு டீக்கடைகூடத் தெரியாது. ஒரு வாரம் நடந்தாலும் போனில் அந்தப் புள்ளி நகர்ந்தது கண்ணுக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் விட்டுவிடுவார்கள்.

இப்படிக் கற்பனையில் நடந்தவர்களில் உலகத்துக்குத் தெரிந்த பெயர் ஆல்பர்ட் ஷ்பேர். நல்ல மனிதர் இல்லை. ஹிட்லரின் ஆயுத உற்பத்தி அமைச்சர். மக்களைக் கட்டாய உழைப்பில் வதைத்த குற்றத்துக்காக நியூரம்பர்க் விசாரணையில் 20 ஆண்டு சிறை வாங்கியவர். அவரைப் போற்ற ஒன்றும் இல்லை, ஆனால் அவர் நடந்த விதம் நமக்குப் பயன்படும். பெர்லினின் ஸ்பாண்டவ் சிறைத் தோட்டத்தில் அவருடைய ஒரு சுற்று 270 மீட்டர், உங்கள் கிரவுண்டைவிடச் சிறியது. 1954இல் தூரத்தைக் கணக்கு வைக்கத் தொடங்கினார். முதல் இலக்கு அவர் குடும்பம் இருந்த ஹைடல்பர்க், 626 கிலோமீட்டர். அது முடிந்த பிறகுதான் ஆசியா, பேரிங் நீரிணை, அமெரிக்கா என்று போனார். 1966இல் விடுதலையாகும்போது 31,816 கிலோமீட்டர் ஆகியிருந்தது. கணக்குப்படி மெக்சிகோவில் குவாதலஹாராவுக்குத் தெற்கே நின்றுகொண்டிருந்தார். சுற்று மறக்காமல் இருக்க பீன்ஸ் விதைகளை ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே வருவார். (உங்கள் கடையில் விதைக்குக் குறைவிருக்காது, செய்து பாருங்கள்.) முக்கியமானது இது: அடுத்து வரப்போகும் நாட்டைப் பற்றிய புத்தகங்களை வரவழைத்துப் படித்துவிட்டு நடந்தார். பன்னிரண்டு வருடம் அவரை நடக்கவைத்தது அந்தப் படிப்புதான் என்று நம்புகிறேன்.

இந்தக் கலை நம்மிடமும் பழசாகவே இருக்கிறது. கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போகும்போது ஊத்தங்கரை தாண்டி செங்கத்தில் பஸ் நிற்குமே, அந்த வட்டாரத்தை ஆண்ட நன்னனைப் பாடியதுதான் மலைபடுகடாம். பரிசு வாங்கித் திரும்பும் கூத்தர் எதிரே வரும் கூத்தருக்கு வழி சொல்கிறார், 583 அடிகளில். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர்களின் கவண்கல் எங்கே பாயும், எந்தப் பாறை வழுக்கும், எந்தக் குடியில் என்ன சாப்பாடு போடுவார்கள் என்று அத்தனையும் வரும். கேட்கிறவன் உட்கார்ந்த இடத்திலேயே பாதி வழி போய்விடுவான்.

ஆகவே தூரத்து நாடு வேண்டாம். உங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு தென்பெண்ணை ஓடுகிறது. அதன் கூடவே போங்கள். நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூரில் கெலவரப்பள்ளி அணை, அப்புறம் கே.ஆர்.பி. அணை என்று கடந்து உங்களிடம் வருகிற ஆறு. உங்களுக்குக் கீழே இருமத்தூர், அனுமன்தீர்த்தம், சாத்தனூர் அணை, திருக்கோவிலூர், முடிவில் கடலூர்ப் பக்கம் கடல். கரையோடு போனால் 200 கிலோமீட்டருக்கு மேல் வரும். இரண்டு மூன்று மாதத்து வேலை. பஸ்ஸில் கால்மணி நேரத்தில் தாண்டிவிடும் இடம் உங்கள் காலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அந்த நாட்களில் அந்த இடத்தைப் பற்றி எதையாவது தெரிந்துகொள்ளுங்கள். புத்தகம்கூட வேண்டாம். உரம் வாங்க வருகிறவர்களில் கரையோரத்து விவசாயிகள் எத்தனை பேர் இருப்பார்கள்! கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, முன்பு என்ன பயிர் வைத்தார்கள், சந்தை எந்தக் கிழமை என்று கேளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால் போதும், மூட்டையை ஏற்ற மறந்து நின்று பேசுவார்கள். மறுநாள் காலை நீங்கள் கிரவுண்டில் சுற்றும்போது அந்த ஊர் வழியாகத்தான் போவீர்கள்.

ஒரு சின்ன நோட்டில் தேதியும் ஊரும் எழுதி வாருங்கள். நடக்க முடியாத நாளில் 'இருமத்தூரில் தங்கல்' என்று எழுதுங்கள். பயணம் என்றால் தங்கல் உண்டு. மறுநாள் இரட்டிப்பாக நடந்து ஈடுகட்ட வேண்டாம், முட்டி வலிதான் மிஞ்சும். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் நடந்தாலே உங்களுக்கு 225 நிமிடம் ஆகிவிடுகிறது. செருப்பில்லாமல் நடக்காதீர்கள். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் நடக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

நான் தருமபுரியில் நடக்கிறேன், காஞ்சிபுரம் போய்க்கொண்டிருக்கிறேன். அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் தூது போன பயணம். அவள் போன பாதை புறநானூற்றுப் பாட்டில் இல்லை, அதனால் கிருஷ்ணகிரி, வேலூர் என்று நானே ஒரு வழி வைத்துக்கொண்டேன். இத்தனை தூரத்தை ஒரு பெண், ஒரு போரைத் தடுக்கப் போனாள் என்பது நடக்க நடக்கத்தான் எனக்கு உறைக்கிறது.

உங்கள் மனைவியிடம் தினமும் எந்த ஊர் வந்தது என்று சொல்லுங்கள். நோட்டில் திருக்கோவிலூர் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இருவரும் நிஜமாகவே போய்வாருங்கள். அங்கே ஆற்றுக்கு நடுவில் கபிலர் குன்று இருக்கிறது. பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தி அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டாக இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போய் பஸ் மாறினால் போதும். விடியற்காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு வந்துவிடலாம்.