குப்பைக் கோழியார் இடம் காலியாக இருக்கிறது

கேள்வி: எங்களுக்கு முதல் பையன் பிறந்து 18 நாள் ஆகிறது. பழந்தமிழ் இலக்கியத்திலிருந்து, இதுவரை யாரும் வைக்காத பெயராக ஒன்று சொல்லுங்களேன். வீட்டில் ஆளுக்கொரு பட்டியலோடு அலைகிறார்கள்.
- ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: பையனுக்கும் தாய்க்கும் வாழ்த்துகள். பட்டியலோடு அலைகிறவர்களுக்குக் கிடையாது.

‘யாரும் வைக்காத’ என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறீர்களே, அது சுலபம். குறுந்தொகை 305ஆம் பாட்டைப் பாடியவர் குப்பைக் கோழியார். சொந்தப் பெயர் தொலைந்துபோனதால், பாட்டிலுள்ள ‘குப்பைக் கோழித் தனிப்போர்’ என்ற உவமையையே பெயராக ஒட்டிவிட்டார்கள். ஏவிவிடவும் ஆளில்லை, விலக்கிவிடவும் ஆளில்லை. குப்பைமேட்டுக் கோழிச் சண்டை தானாக ஓய்ந்தால்தான் உண்டு. என் நோயும் அப்படித்தான் என்கிறாள் தலைவி. அருமையான பாட்டு. ஆனால் இந்தப் பெயரை எடுக்க யாரும் முன்வந்ததாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இரண்டு கோழி வராது என்பதற்கு நான் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசலில் நின்று சத்தமாகக் கூப்பிடாதீர்கள்.

கோழி பிடிக்கவில்லையா? மீனெறி தூண்டிலார் இருக்கிறார், துறைமுகம் பக்கத்தில்தானே உங்களுக்கு. விட்ட குதிரையார் இருக்கிறார். பையன் நடக்க ஆரம்பித்ததும் பொருத்தம் தெரியும். நற்றிணையில் தேய்புரிப் பழங்கயிற்றினார் இருக்கிறார். இரண்டு யானை இரண்டு பக்கமும் இழுக்கிற தேய்ந்த கயிறு. இது பையனுக்குக் கல்யாணமான பிறகு பொருந்தும்.

சரி, இவ்வளவு தூரம் போவானேன்? கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் மிதந்து வந்து கரையேறியது உங்கள் ஊரில்தான் என்கிறார்கள். கரையேறவிட்ட குப்பம் என்று அங்கே இடமே இருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் திருவாமூரில் அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் மருணீக்கியார். சமணத்தில் தருமசேனர். நாவுக்கரசு சிவன் கொடுத்தது, அப்பர் சம்பந்தர் வாயிலிருந்து வந்தது. கடைசி இரண்டும் ஊர் ஊராக இருக்கின்றன. பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்ததுதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது. உங்கள் நிபந்தனைக்கு அச்சாகப் பொருந்தும். வைப்பீர்களா? மாட்டீர்கள்.

திங்களூர் அப்பூதியடிகள் உங்களுக்கு நேர் எதிர். அப்பரை நேரில் பார்ப்பதற்கு முன்பே மூத்த மகனுக்குத் திருநாவுக்கரசு, இளைய மகனுக்கும் திருநாவுக்கரசு. தண்ணீர்ப் பந்தலுக்கும் அதே. வீட்டிலிருந்த அளவைகள், தராசு, பசு, எருமை வரைக்கும் அந்தப் பெயர்தான் என்கிறது பெரியபுராணம். வாழையிலை நறுக்கிவர அம்மா ஒரு குரல் கொடுத்தால் தொழுவத்திலிருந்தும் எழுந்து வந்திருக்கும். பெயரின் மேல் ஆசை என்றால் அது ஆசை. அடுத்த வீட்டில் இருக்கக் கூடாது என்பது வேறு ஏதோ.

அடுத்து நீங்கள் எங்கே போவீர்கள் என்றும் தெரியும். எண்கணிதக்காரரிடம் கூட்டுத்தொகை பார்க்க. கடலூர் முருகன் ஆங்கிலத்தில் வெறும் ‘யு’வோடு பிழைத்துக்கொள்கிறான். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன் பழக்கிவிட்டபடி எழுதினால் ஒவ்வொரு ‘யு’வுக்கு முன்னாலும் ஒரு ‘ஓ’ சேரும், கடைசியில் ஒரு ‘இ’ வேறு. புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டியதும் முருகனுக்கு அதிர்ஷ்டம் மாறிவிடுமா? அந்த இடத்தைத் தாண்டி வருகிறவர்களுக்கு மாறுவது வேறு. இந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலேயே எண்கணித விளம்பரம் வருகிறதே என்று கேட்காதீர்கள். போன தீபாவளி மலரிலிருந்து விளம்பரப் பிரிவோடு எனக்குப் பேச்சு கிடையாது.

பிரெஞ்சுக்காரன் என்றதும் ஞாபகம் வருகிறது. 1881ஆம் வருஷத்து ஆணைப்படி, சொந்தச் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறியவர் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லப்போர்த்’ ஆனார். ‘கதவு’ என்று அர்த்தம். மீசை முளைத்த பிறகு தன் பெயரைத் தானே எடுத்துக்கொள்வது புதுச்சேரிக்குப் பழக்கம்தான். பெற்றவர்கள் சுப்புரத்தினம் என்று வைத்தார்கள், அவர் பாரதிதாசன் என்று வைத்துக்கொண்டார். அவர் மகன் கோபதி, மன்னர்மன்னன் ஆனார். உங்கள் பட்டியலை எல்லாம் பையன் ஒருநாள் மதிக்காமல் போகலாம்.

அதனால் திருநாவுக்கரசு என்றே வையுங்கள். தெருவில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தால் இருக்கட்டும். அவசரமும் இல்லை. 21 நாளுக்குள் சொல்ல வேண்டியது பிறப்பை. பெயரைப் பதிவான நாளிலிருந்து ஒரு வருஷம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம். எண்கணிதக்காரருக்குக் கொடுக்க எடுத்துவைத்த பணம் இருந்தால் இங்கே அனுப்புங்கள். உங்கள் சந்தா போன மாதமே முடிந்துவிட்டதாக அலுவலகத்தில் சொல்கிறார்கள்.