பொம்மைக்கு வசனம் எழுதாதீர்கள்

அன்புள்ள ஐயா,

திருகோணமலைக்குக் கிட்ட, சாம்பல்தீவுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மூன்று முதல் ஐந்து வயது வரை 22 பிள்ளைகள். வருட இறுதிக் கலைவிழாவுக்கு முயலும் ஆமையும் நாடகம் பழக்குகிறேன். வசனத்தைப் பாடமாக்குகிறார்கள், எழும்பி நின்றதும் மறந்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளை வந்து ஏழு மாதமாகிறது, வகுப்பில் இன்னும் ஒரு சொல் பேசவில்லை. வீட்டில் நன்றாகப் பேசுகிறாளாம். நாடகமும் பொம்மலாட்டமும் பிள்ளைகளின் கற்பனையை வளர்க்கும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள், எப்படி என்று சொல்லவில்லை. பொம்மை வாங்கக் காசும் இல்லை. பெற்றோரோ, "எழுத்துப் படிப்பிக்காமல் விளையாட விடுறீங்களே" என்கிறார்கள். நான் என்ன செய்ய?

ஒரு முன்பள்ளி ஆசிரியை, சாம்பல்தீவு

அன்புள்ள ரீச்சர்,

முதலில் அந்த முயலையும் ஆமையையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நடிக்க வராது என்று நினைக்க வேண்டாம். நேற்று எங்கள் ஒழுங்கையில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று தும்புத்தடியைச் சைக்கிளாக்கி மீன் விற்றுக்கொண்டு போனது. "சூரை, சூரை" என்று கூவி, நின்று, விலை பேசி, மிச்சக் காசும் கொடுத்தது. அதற்கு யாரும் வசனம் எழுதிக் கொடுக்கவில்லை. அதே பிள்ளையிடம் நாம் எழுதியதைக் கொடுத்தால் இரண்டு கையும் தொடையோடு ஒட்டிக்கொள்ளும், கண் நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர் ஒப்புவித்தல்.

யாழ்ப்பாணத்தில் 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் போன்றவர்கள் நமக்குச் சிறுவர் அரங்கு என்ற பெரிய சொத்தைத் தந்திருக்கிறார்கள். அதில் பெரியவர்கள் பிள்ளைகளுக்காக நடிப்பதும் உண்டு. பார்க்கக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் உங்கள் பாயில் நடக்க வேண்டியது வேறு. அங்கே பார்வையாளரே தேவையில்லை.

பீட்டர் சிலேட் என்ற ஆங்கிலேயர் பிள்ளைகளின் நாடகத்தை இரண்டாகப் பிரித்தார். உடம்பு முழுவதும் வேறொருவராக மாறுவது ஒன்று, மீன்காரப் பிள்ளை செய்ததைப் போல. கையிலிருக்கும் பொருளுக்கு உயிர் கொடுத்து, தான் பின்னால் இருந்துகொள்வது மற்றது. கூச்சமுள்ள பிள்ளைக்கு இந்த இரண்டாவது வழி பெரிய நிம்மதி. எல்லோருடைய கண்ணும் பொம்மையில்தான் இருக்கும். பிழை விட்டாலும் பொம்மைதான் விட்டது.

காசு வேண்டாம். சப்பாத்துக்குப் போடும் பழைய மேசு, இரண்டு பொத்தான், ஊசி நூல் போதும். விரலைத் தலைக்குள்ளும் கைகளுக்குள்ளும் தனித்தனியாக விடுகிற கையுறைப் பொம்மை நாலு வயது விரலுக்குக் கஷ்டம். மேசுப் பொம்மையும் ஐஸ்பழக் குச்சியில் ஒட்டிய படமும் சுலபம். தெற்கே அம்பலாங்கொடைப் பக்கத்து நூல் பொம்மலாட்டத்தை 2018இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அழகான கலை, ஆனால் அது வருடக்கணக்கில் பழகியவர்களின் கைக்கு உரியது, அந்த ஆசை இப்போது வேண்டாம். மழை நாளில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் ரோச் லைட் பிடியுங்கள். வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் நிழல் பெரிதாகும் என்பதை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர்களே கண்டுபிடித்துக் கத்தட்டும்.

பொம்மையை முதலில் நீங்கள் கையில் போடுங்கள். அது யாரோடு பேசுகிறதோ அவரைப் பார்க்க வேண்டும். நீங்களும் பொம்மையையே பார்க்க வேண்டும். பேசாதபோது சும்மா ஆட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இதற்கெல்லாம் மேலே, அந்தப் பொம்மைக்கு ஒன்றும் தெரியக் கூடாது. எல்லாம் தெரிந்த பொம்மை இன்னொரு ரீச்சர், அவ்வளவுதான்.

தம்பலகாமத்தில் ஒரு முன்பள்ளிக்கு நான் கொண்டுபோன மேசுப் பொம்மைக்குத் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு வழி தெரியாது. பிள்ளைகளுக்கு வந்ததே உற்சாகம்! "கோட்டைக்குள்ளால போ", "மான் நிக்கும், பயப்பிடாத" என்று ஆளாளுக்கு வழி சொன்னார்கள். மான் கடிக்குமா என்று பொம்மை கேட்டது. அதுவரை தூணோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஒரு பையன் மெல்ல வந்து பொம்மையின் காதில் ஏதோ சொன்னான். என் காதுக்கு எட்டவில்லை. பொம்மை தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்தது. நான் கேட்டிருந்தால் அவன் திரும்பத் தூணடிக்கே போயிருப்பான்.

கதையையும் முழுதாகச் சொல்லாதீர்கள். அந்தக் கோயில் மலையில் இருக்கும் பிளவை, இராவணன் வெட்டை, உங்கள் பிள்ளைகளில் பலர் பார்த்திருப்பார்கள். "இராவணன் மலையை வெட்டினான், வாள் கடலுக்குள் விழுந்துவிட்டது" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "இனி?" என்று கேளுங்கள். நான் கேட்டபோது நண்டு எடுத்துத் தருமென்றோ, வள்ளம் பிடிப்போமென்றோ சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு பிள்ளை, "அவருக்குப் பசிக்குது" என்றது. சரி, சமைப்போம் என்றேன். அப்புறம்தான் பத்து வாய் இருப்பது நினைவுக்கு வந்தது. பத்துச் சிரட்டை தேடினோம், ஒன்று குறைந்தது. எந்தத் தலைக்குச் சோறில்லை என்று பெரிய வழக்கு. கடைசியில் இரண்டு தலை ஒரு சிரட்டையில் சாப்பிட ஒத்துக்கொண்டன. வாள் இன்னும் கடலுக்குள்தான் கிடக்கிறது.

பெற்றோர் கேட்டால் இந்தச் சிரட்டைக் கணக்கைச் சொல்லுங்கள். பத்து வரை எண்ணினார்கள், ஒன்று குறைவதைக் கண்டார்கள், பங்கு வைத்தார்கள், வாதாடினார்கள். மேசுக்குப் பொத்தான் வைத்து, கடதாசி கிழித்து ஒட்டும் விரல்தான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகிறது. கலைவிழாவுக்கு இரண்டு கதிரைக்கு நடுவில் ஒரு சேலையைக் கட்டுங்கள். பிள்ளைகள் பின்னால் இருக்கட்டும், பொம்மைகள் மேலே வரட்டும். அன்றைக்கு என்ன பேச வருகிறதோ அதைப் பேசட்டும்.

அந்தப் பேசாத பிள்ளை. வீட்டில் பேசுகிற பிள்ளை பள்ளியில் மாதக்கணக்கில் பேசாமலிருப்பது அடமில்லை, உள்ளே இருக்கும் பதற்றம். பொம்மை நல்ல துணை, ஆனால் மருந்தில்லை. வைத்தியரிடம் காட்டச் சொல்லித் தாயிடம் பக்குவமாகப் பேசுங்கள், தள்ளிப்போட வேண்டாம். வகுப்பில் அவள் பாயில் ஒரு பொம்மையை வைத்துவிட்டு விலகிவிடுங்கள். பேசச் சொல்லாதீர்கள். பேசினால் கைதட்டாதீர்கள், திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள், பொம்மை மட்டும் பதில் சொல்லட்டும்.

எங்கள் வீட்டில் சோடி தொலைந்த மேசுகள் ஐந்தாறு கிடக்கின்றன. தோய்த்து, அடுத்த கிழமை அந்தப் பக்கம் வரும்போது கொண்டுவந்து தருகிறேன். பொத்தானை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.