கேள்வித்தாள் மாறாதவரை

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். 2018-இல் ஆறாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்தபோது வண்ணப்படம், க்யூஆர் கோடு எல்லாம் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பிள்ளைகள் இன்னமும் 'கோடிட்ட இடத்தை நிரப்புக'வைத்தான் உருப்போடுகிறார்கள். அடுத்து ரோபோ, செயற்கை நுண்ணறிவு எல்லாம் சேர்க்கவேண்டும் என்கிறார்கள். அதனால் ஏதாவது மாறுமா?

ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

மாறாது. 'ரோபோவின் பாகங்கள் யாவை?' என்று இரண்டு மதிப்பெண் வினா ஒன்று கூடும், அவ்வளவுதான்.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில், அறிவியலைச் செய்துபார்த்தே கற்கும் முயற்சி ஒன்று தொடங்கியது. 1978-இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. பிறகு ஏகலவ்யா என்ற கல்வித் தொண்டு அமைப்பு அதை ஏற்று நடத்தியது. 'பால் வைஞானிக்' (குட்டி விஞ்ஞானி) என்ற அவர்களுடைய பாடநூலில் சோதனையும் கேள்வியும்தான் இருக்கும். விடையைப் பிள்ளைகள் செய்துபார்த்துத் தங்கள் நோட்டில் எழுதவேண்டும்.

சாமான்களுக்குப் பெரிய செலவில்லை. அங்கே போயிருந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, சைக்கிள் வால்டியூபைத் துண்டுதுண்டாக நறுக்கித் தீக்குச்சிகளைக் கோத்தார். நாலு குச்சிச் சதுரம் லேசாகத் தள்ளினாலே சாயும். மூன்று குச்சி முக்கோணம் அசைந்துகொடுக்காது. கூரைக்கு ஏன் முக்கோணச் சட்டம் போடுகிறார்கள் என்று அதற்குமேல் விளக்கவேண்டியதில்லை.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது தீக்குச்சி அல்ல, அவர்கள் வைத்த தேர்வு. புத்தகத்தையும் நோட்டையும் திறந்துவைத்துக்கொண்டே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. உருப்போட்டுப் பயனில்லை என்று தெரிந்தால் யார் உருப்போடுவார்கள்?

2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. தகவல் போதாது என்பது அதன்மேல் சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று. அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. அணுவை எந்தத் தீக்குச்சியில் காட்டுவது? அதற்காக மொத்தத்தையும் மூடியதை என்னால் ஏற்கமுடியவில்லை.

பருவத் தேர்வுக் கேள்வித்தாள் உங்கள் கையில் இல்லைதான். வகுப்பில் நீங்களே போடும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண் இருக்கிறதே! கடையில் வாங்கிய படத்தைச் சார்ட்டில் ஒட்டி வருவதற்கா அது? பள்ளி மைதானத்தில் புல்லையும் குப்பைமேனியையும் வேரோடு பிடுங்கி வரச்சொல்லுங்கள். இலை நரம்பு ஓடும் விதத்துக்கும் வேருக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள். பிறகு வாழை இலையைக் காட்டி, அதன் வேர் எப்படி இருக்கும் என்று ஊகித்து எழுதச்சொல்லுங்கள், புத்தகத்தைத் திறந்துவைத்தே. திருத்தத்தான் நேரம் பிடிக்கும். ஒரு நோட்டில் இருப்பது இன்னொன்றில் இருக்காது.