மலைச்சாலையும் மைல் கூலியும்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் நண்பர்களோடு ராசிபுரம் பக்கத்துப் போதமலைக்கு நடந்தே ஏறினேன். கீழூரில் ஒரு வீட்டில் சோறு போட்டு, படுக்கப் பாயும் தந்தார்கள். இறங்கும்போது சாலைக்காக வெட்டிய மரங்களைப் பார்த்து மனம் கனத்துவிட்டது. இன்னொரு கொல்லிமலையாக அது ஆகிவிடாதா? இந்தச் சாலை தேவைதானா?
க.

அன்புள்ள க.,

மரத்துக்காக மனம் கனப்பது நல்ல மனம். ஆனால் உங்களுக்குச் சோறு போட்ட வீட்டிலேயே இதைக் கேட்டிருக்கலாமே? நீங்கள் ஆசைக்கு ஒருமுறை ஏறினீர்கள். அவர்கள் ரேஷன் அரிசியைத் தலையில் வைத்து ஏறுகிறார்கள். பிரசவ வலி கண்டவளைத் தூளி கட்டி இறக்குகிறார்கள். தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பெட்டியும் தலைச்சுமையாகத்தான் போயிற்று. சாலை வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கொல்லிமலையில் சாமை விளைந்த காட்டில் மரவள்ளி ஏறியது உண்மை. லாரி ஏறியதும் அதற்கு ஒரு காரணம். மிளகும் அதே மலைச்சாலையின் 70 கொண்டையூசி வளைவுகளில்தான் இறங்குகிறது. இதை இன்னொரு நாள் பேசுவோம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெரியப்பா நினைவுக்கு வந்தார். மைல் கூலியாக, அதாவது தன் பங்குச் சாலையைப் பராமரிக்கும் பணியாளராக இருந்தவர். ஐப்பசி பிறக்குமுன் சாலையின் மலைப்பக்கத்து வாய்க்காலில் சருகையும் சரளையையும் வாரிவிடுவார். மழை வலுத்த ராத்திரியில் சாக்கைக் கொங்காடையாகப் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஒருமுறை நானும் போனேன். சிறுபாலத்தின் குழாய்க்குள் தோள்வரை கையை விட்டு ஒரு கிளையை இழுத்தார். அதுவரை சாலைமேல் புரண்ட தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்கியது. சிறுவன் எனக்கு அது வித்தையாகத் தெரிந்தது.

அதுதான் விஷயம். மலையை வெட்டும்போதே அதன் ஓடைகளையும் குறுக்கே அறுத்துவிடுகிறோம். அந்தத் தண்ணீருக்கு வழி விடாவிட்டால் அது சாலையைத் தாண்டி வெளிவிளிம்பை அரிக்கும். கொட்டி நிரப்பிய மண் ஊறிச் சரியும். கீழே இருக்கும் காடும் வயலும் போகும். வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளிவிட்டால் இன்னும் மோசம். சாலை அகலமாக அகலமாக வெட்டும் கூடும், மண்ணும் கூடும். உத்தராகண்டில் நான்கு புனிதத் தலங்களுக்குப் போகும் சார்தாம் சாலைக்கு 5.5 மீட்டர் அகலம் போதும் என்று 2020இல் சொன்ன உச்ச நீதிமன்றம், மறு ஆண்டு டிசம்பரில் ராணுவத் தேவைக்காக 10 மீட்டரை அனுமதித்தது. கீழூருக்கு ஒரு ஆம்புலன்ஸ் ஏறினால் போதும்.

ஆனால் சாலை போடக் கிடைக்கும் பணம் வாய்க்கால் வாரக் கிடைப்பதில்லை. 2002இல் தமிழகத்தில் சுமார் 10,000 சாலைப் பணியாளர்களை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். 2006இல்தான் திரும்ப எடுத்தார்கள். இடையில் வந்த மழைகளில் யார் குழாய்க்குள் கையை விட்டார்கள்? மரத்துக்குக் கண்ணீர் விடுகிற யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. நீங்களும் கேட்கவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த வீட்டுக்கு மறுபடி போவீர்கள் என்று நம்புகிறேன். போனால் மலைப்பக்கம் வாய்க்கால் இருக்கிறதா, சிறுபாலங்கள் எத்தனை, வெட்டிய மண்ணை எங்கே கொட்டுகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். மரத்தின் புகைப்படம் வேண்டாம்.